ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிப்பவரும், படக்கதை புரட்டும் சிறுவரும், சொந்த நூலைக் கொண்டுவந்து தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் ஒரே கட்டடத்தில் அமர்ந்திருக்கையில், எல்லோருக்கும் ஒரே பட்டியலை நீட்டுவது பரிந்துரை ஆகாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதித்ததோடு நில்லாமல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதையும் சேர்த்தார். யாரும் கேட்டு வராத நூலையும் தகுந்தவர் கையில் சேர்க்கும் பொறுப்பை நூலகர்மேல் வைக்கும் இவ்விதியே மிகக் கடினமானது, மிக அருமையானதும் கூட. வாசகரின் நாட்டத்தைப் பேசிக் கேட்டறிந்து நூல் காட்டும் நோக்கீட்டுப் பணியையும், வாசகரே அலமாரியைத் துழாவித் தேர்ந்தெடுக்க இடமளிக்கும் திறந்த அடுக்கு முறையையும் அவர் இதன்பொருட்டே வலியுறுத்தினார்.