புயல் ஓய்ந்த பிறகு வருகிறவர்

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியா பகுதிக்கு டிசம்பர் மாதத்தில் ஒரு மங்கி குல்லாவும் சால்வையும் போதும். ஆனால் 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் இந்தப் பகுதி ஒரு பெரிய சோதனையைச் சந்தித்தது. ஆம்ரி மருத்துவமனையின் நிலவறையில் தீப்பிடித்தது. தீயைவிட, குளிர்சாதனக் குழாய்களின் வழியே மாடிக்கு மாடி ஏறிய புகைதான் உயிர்களைக் குடித்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகள். புகையை முதலில் பார்த்து ஓடி வந்தவர்கள், மருத்துவமனையை ஒட்டியிருந்த பஞ்சானன்தலா குடிசைப் பகுதி இளைஞர்கள். காவலாளிகள் அவர்களை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. அவர்கள் போய்விடவில்லை. மதிலேறிக் குதித்து, மூங்கிலும் கயிறும் கொண்டு மேலே ஏறி, ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து நோயாளிகளை இறக்கினார்கள். உள்ளே, கேரளத்திலிருந்து வந்த இளம் செவிலியர் இருவர் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, அடுத்தவருக்காக மறுபடி புகைக்குள் போய் உயிர்விட்டார்கள்.

கிறிஸ்தவ விசுவாசிக்கு இந்த நிகழ்ச்சி சங்கடமானதும்கூட. பிறர்க்கு உதவ ஓடும் கால்களைத் தருவது விசுவாசமே என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதுண்டு. பஞ்சானன்தலா இளைஞர்கள் எந்தப் பிரசங்கத்தையும் கேட்டுவிட்டு ஓடவில்லை. புகையைக் கண்டார்கள், ஓடினார்கள். ஆபத்து வேளையின் துடிப்பை எந்த மதமும் குத்தகைக்கு எடுத்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அப்படியானால் விசுவாசத்துக்கு என்ன வேலை? துடிப்பு அடங்கிவிடும். நன்றி சொல்கிறவர்கள் கலைந்துவிடுவார்கள். செய்கிற காரியத்தில் சுவையே இல்லாமல் போகும். அதற்குப் பிறகும் அதே வாசலுக்குப் போக மனிதனுக்கு ஒரு காரணம் வேண்டும். விசுவாசம் தருவது அந்தக் காரணத்தை. நிலைத்த நிறைவு என்று நாம் தேடி அலைவதும் அப்படித் திரும்பிப் போவதில்தான் கிடைக்கிறது என்பது என் வாதம்.

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காயம் கட்டுகிற இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியது, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனது எல்லாம் அன்றைய இரக்கம். மறுநாள் ஒன்று நடக்கிறது. சமாரியன் சத்திரக்காரன் கையில் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம் அது. மேற்கொண்டு செலவானால் திரும்பி வருகையில் தீர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த இடத்தில் கண்ணீருக்கு வேலையில்லை. கணக்கும் கடனும் தவணையும்தான் இருக்கின்றன. அடிபட்டவன் பிழைத்தது இரக்கத்தால் என்றால், எழுந்து நடந்தது இந்த ஏற்பாட்டால். எனக்கு அயலான் யார் என்று கேட்டவருக்கு இயேசு சொன்ன பதிலில் இந்த மறுநாளும் அடக்கம்.

டாக்குரியாவுக்கும் அப்படியொரு சத்திரம் உண்டு. அது ரயில் பாதையின் மறுமுனையில் இருக்கிறது. காலையில் கேனிங் லோக்கலில் வந்து இறங்கும் பெண்கள்தான் இங்குள்ள ஃபிளாட்டுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள், சமைக்கிறார்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். பலருடைய வீடு தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் சுந்தரவனக் கிராமங்களில். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது கொல்கத்தாவில் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. மரங்களை வெட்டி அகற்ற ராணுவமே வந்தது. மின்சாரம் வந்ததும் நகரத்துக்குப் புயல் முடிந்துவிட்டது. கரை உடைந்து உப்புநீர் புகுந்த சுந்தரவனத்துக் கிராமங்களுக்கோ அப்போதுதான் தொடங்கியது. உப்பேறிய வயலில் நெல் தலையெடுக்காது; குளத்து நன்னீர் மீன் செத்து மிதக்கும்; மண்ணிலிருந்து உப்புக் கழிய மழைக்காலங்கள் ஆகும். கொரோனா ஊரடங்கால் புறநகர் ரயிலும் அப்போது ஓடவில்லை. மறுபடி ஓடத் தொடங்கியது நவம்பர் 11ஆம் தேதி. ஏறக்குறைய ஆறு மாதம் வயலும் இல்லை, வேலைக்கு வர வழியும் இல்லை. 2009இல் ஐலா, 2019இல் புல்புல், 2020இல் ஆம்பன், 2021இல் யாஸ் என்று மேலும் மேலும் அடிபடுகிற ஊருக்கு முதல் வாரத்து அரிசி மூட்டை எந்த மூலைக்கு? வர முடியாத பெண்ணுக்கு ஜூலையிலும் செப்டம்பரிலும் சம்பளம் அனுப்பிய வீடு எதுவோ, அதுவே சத்திரத்துக்குத் திரும்பிப் போன வீடு.

ஆனால் செப்டம்பர் மாதத்து உதவியில் மே மாதத்துப் பரவசம் இருக்காது. அப்போதும் அதில் நிறைவு உண்டா என்பதற்கு டாக்குரியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே சான்று கிடைக்கிறது. காளிகாட்டில் 1952இல் அன்னை தெரசா நிர்மல் இருதய் இல்லத்தைத் தொடங்கினார். அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007இல் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. சிறிய இடைவெளி தவிர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை அவர் உணரவில்லை. ஜெபத்தில் வறட்சி, உள்ளே இருட்டு. அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படிதான் அவர் கேட்டிருந்தார். உள்ளம் வெறுமையாய் இருந்த அதே ஆண்டுகளில்தான் அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார். நிறைவு என்பது நெஞ்சில் ஊறும் இதம் என்றால் அவரைப் போன்ற ஏழை யாருமில்லை. கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றிய வாழ்வுக்கு உரிய பெயர் அது என்றால், அவரைப் போல நிறைந்தவர் அரிது.

இது சொல்லை வளைக்கும் வேலை, ஆறுதல் தராத நிறைவை யார் விரும்புவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உணர்வின் மேல் கட்டிய நிறைவு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். உதவினால் மனம் குளிரும் என்பதற்காக உதவுகிறவர், மனம் குளிராத நாளில் வேறு காரியம் தேடிப் போய்விடுவார். அவருடைய அயலானும் அத்தோடு கைவிடப்படுவான். கிறிஸ்தவம் இந்த இடத்தில் ஒரு விசித்திரமான பலத்தை வைத்திருக்கிறது. தான் கைவிடப்பட்டதாகச் சிலுவையில் கதறிய இயேசுவையே அது தன் மையத்தில் நிறுத்தியிருக்கிறது. ஆகவே வெறுமை வந்துவிட்டால் விசுவாசம் தோற்றது என்று பொருளில்லை. ஆண்டவர் நடந்த வழியில்தான் நாமும் நடக்கிறோம் என்று விசுவாசி சொல்லிக்கொள்ள முடியும்.

அன்னை தெரசாவின் இல்லத்திலேயே குறைகள் இருந்தன என்பது இன்னொரு ஆட்சேபம். வலி தணிப்பும் நோயறிதலும் அங்கே போதவில்லை என்று 1994இல் லான்செட் இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் எழுதினார். அந்தக் குற்றச்சாட்டைப் பக்தியால் மூடக் கூடாது. திரும்பத் திரும்பப் போகிறவர் போகும்போதெல்லாம் கற்றுக்கொள்ளவும் கடமைப்பட்டவர். விடாப்பிடி மட்டும் நோயாளியின் வலியைக் குறைக்காது. இன்னும் சிலர், கரை கட்டுவதும் தீயணைப்பு விதிகளைக் காப்பதும் அரசின் பொறுப்பு, அயலாரின் கருணை அதை மழுங்கடிக்கும் என்பார்கள். எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவரின் கருணைக்கு அது பொருந்தும். தொடர்ந்து போகிறவருக்கோ எந்தக் கரை எங்கே உடைந்தது, நிவாரணப் பணம் யாருக்கு வரவில்லை என்பது தெரிந்துபோகிறது; அரசைக் கேள்வி கேட்கத் தேவையான விவரம் அவரிடம்தான் சேர்கிறது.

இந்த நிலைத்தன்மை கிறிஸ்தவருக்கு மட்டுமே உரியதா என்றால், இல்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து பசித்தவருக்குச் சோறு போடுகிறது. அதைப் பார்த்துக் கிறிஸ்தவர் பொறாமைப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ளலாம். அவரவர் சமயம் அவரவர்க்குத் திரும்பிப் போகும் வழியைக் காட்டுமானால் அது தன் வேலையைச் செய்கிறது. என் விசுவாசத்தை நான் எடைபோடுவதும் இதை வைத்துத்தான். புயலன்று யாருக்குக் கதவைத் திறந்தேன் என்பதற்குப் பக்கத்து வீட்டாரும் சாட்சி சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து யாருடைய செலவுக்கு இன்னும் பொறுப்பேற்றிருக்கிறேன் என்பதற்குப் பெரும்பாலும் சாட்சியே இருக்காது. சாட்சியில்லாத அந்தச் செலவைத் தொடர்ந்து கொடுக்க முடிகிறதா என்பதே நிறைவுக்கான கேள்வி.