கைப்பிடிச்சுவரைக் கட்டியது யார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அக்டோபர் வந்துவிட்டால் ஏரிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. எஞ்சினுக்குள் தேங்கிய ஏரித் தண்ணீர் அங்கேயே உறைந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். ஆகவே குளிர் இறங்குவதற்குள் தண்ணீரை வடிக்க வேண்டும், எண்ணெயை மாற்ற வேண்டும், பம்பைத் திறந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் படகுக்காரர் தாமே செய்வதா, மெக்கானிக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதா என்ற வழக்கு வருடந்தோறும் எழுகிறது. பெரும்பாலும் பணத்தையும் நேரத்தையும் வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது சமயவாதிகளும் தத்துவவாதிகளும் காலங்காலமாக மல்லுக்கட்டிய ஒரு கேள்வியாகவே படுகிறது: ஒன்றை நம்பும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? படகு விஷயத்தில் அந்த உரிமை பிறரையும் தொடும்: நீர்ச்சறுக்கு பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். 1922ல், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகும் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, படகு இழுக்க, தண்ணீர்மேல் எழுந்து நின்றார். அன்றுமுதல் இன்றுவரை இந்த விளையாட்டை ஒருவர் தனியாக ஆடுவது அரிது. படகு ஒருவருடையது, கயிற்றைப் பிடித்து வருபவர் வேறொருவர். படகு நன்றாக இருக்கிறது என்று சொந்தக்காரர் நம்புகிறார். அந்த நம்பிக்கை பொய்த்தால் அடிபடுவது பெரும்பாலும் மற்றவர்தான்.

இந்தக் கேள்வியை ஒரு கப்பலை வைத்தே கேட்டவர் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். நம்பிக்கையின் அறம் பற்றிய அவருடைய கட்டுரை 1877ல் வெளிவந்தது. ஓட்டைக் கப்பல்களைக் காப்பீடு செய்து கடலுக்கு அனுப்பிய முதலாளிகளை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பயனாக, கப்பலில் சுமைக்கோடு வரைவதைக் கட்டாயமாக்கிய சட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. கிளிஃபோர்டும் 1870ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன இடத்தில், சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். அவர் காட்டும் முதலாளியின் கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. பிரித்துச் சீர்செய்தால் நல்லது என்று அவருக்கே தோன்றுகிறது. செலவை நினைத்துத் தயங்குகிறார். எத்தனையோ புயலைக் கடந்த கப்பல்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு கடல் கடக்கும் ஏழைகளைத் தெய்வம் கைவிடாது என்கிறார். கட்டியவர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது பண்பாகாது என்று அந்த நினைப்பையும் ஒதுக்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவர் மனமார நம்பினார் என்பதைக் கிளிஃபோர்ட் மறுக்கவில்லை. அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பதே குற்றச்சாட்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான், அகப்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு என்றும் சொல்கிறார்.

அந்த முதலாளியின் மூன்றாவது சமாதானம்தான் நம் வழக்கைத் தொடுகிறது. கட்டியவர்மேல் வைத்த நம்பிக்கையைத் தாம் பாராமல் இருந்ததற்குத் திரையாக்கிக்கொண்டார். மெக்கானிக் கொடுத்த பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவர் செய்வதும் அதையேதான். இதைக் கேட்டதும் தாமே ஸ்பானர் பிடிப்பவர்கள் தங்கள் கட்சி வென்றது என்று எண்ணக்கூடும். அவர்களும் அதே கூண்டில்தான் நிற்க வேண்டும். ஏரித் தண்ணீராலேயே குளிரும் எஞ்சினில், பிளாக்கில் வடிகால் பிளக் உண்டு. குளிர்காலத்துக்கு முன் அதைக் கழற்றுகிறார்கள். தண்ணீர் வரவில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். ஆனால் பல பழைய எஞ்சின்களில் துருவும் மணலும் சேர்ந்து அந்தத் துளையை உள்ளிருந்து அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால்தான் அடைப்பு உடைந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீறிடும். குத்திப் பார்க்காத கை சொந்தக் கையாக இருந்தாலும் கூலிக் கையாக இருந்தாலும் வசந்தத்தில் பிளாக் வெடித்தே கிடக்கும். இன்னொரு பிழை இதைவிடக் கொடியது. படகின் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் கார் பாகங்களைப் போலவே இருக்கும். ஆனால் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டவை. விலை குறைவு என்று கார் பாகத்தை வாங்கி மாட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையில்தான் நடக்கிறது. தன் கையால் செய்தோம் என்ற பெருமிதமும் பில்லைப் போலவே கண்ணை மறைக்கும்.

ஆகவே யார் கை என்பது முதல் கேள்வியே அல்ல. யூதர்களின் வேதமான தோராவில், தமிழில் உபாகமம் என்று வழங்கும் நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுபவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல். சுவரை வீட்டுக்காரன் தானே எழுப்பினானா, கொத்தனாரை வைத்து எழுப்பினானா என்று அந்தக் கட்டளை விசாரிப்பதில்லை. கொத்தனாரை அமர்த்துவதில் பாவமும் இல்லை, தானே மண் குழைப்பதில் தனிப் புண்ணியமும் இல்லை. சுவர் இருக்கிறதா, ஒருவர் சாய்ந்தால் தாங்குமா என்பதற்கு மாடியின் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டும். கூலி கொடுக்கும்போது வேலை கை மாறுகிறது. பதில் சொல்லும் கடமை கை மாறுவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவனவன் தொழிலை அவனவன் செய்வதே ஒழுங்கு என்று பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் வாதிட்டார். மருத்துவரை நம்புகிறோம், விமானியை நம்புகிறோம். எல்லாவற்றையும் நாமே சோதித்தபின்தான் நம்புவோம் என்றால் வாழவே முடியாது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் மெக்கானிக்கை எப்படிச் சோதிப்பார்? நியாயமான கேள்வி. இதற்கான விடை அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலில் இருக்கிறது, அதுவும் படகை ஒட்டியே: சுக்கானை மதிப்பிடுவதில் தச்சனைவிட மாலுமி மேலானவன், வீட்டை மதிப்பிடுவதில் கட்டியவனைவிடக் குடியிருப்பவன் மேலானவன். பயன்படுத்துபவருக்கென்று ஓர் அறிவு உண்டு, அது செய்பவரின் அறிவில் அடங்காது. சனிக்கிழமை மாலை முழு வேகத்தில் வெப்பமானியின் முள் எங்கே நின்றது, எந்த வேகத்தில் தண்டு அதிரத் தொடங்கியது என்பதெல்லாம் பட்டறையில் இருக்கும் மெக்கானிக்குக் கிடைக்காத சேதிகள். அமெரிக்கச் சட்டம், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் ப்ளோயர் உள்ள பெட்ரோல் படகுகளில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொல்கிறது: ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோயரை 4 நிமிடம் ஓட்ட வேண்டும், எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி படகின் அடியில் போய்த் தங்கும். மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்க்கும் மூக்கு ஓட்டுபவருடையதாகத்தான் இருக்க முடியும்.

கேள்வி கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பதாகாதா என்பது அடுத்த தயக்கம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் நாளடைவில் விறைத்து முறியும். நல்ல மெக்கானிக் புதியதை மாட்டியதோடு நிற்கமாட்டார். முறிந்த துண்டுகள் தண்ணீர் ஓடும் பாதையில் எங்கே போய் அடைத்திருக்கின்றன என்று தேடி எடுப்பார். அந்தத் தேடல் வெளியே தெரியாத வேலை. அதைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவரிடம்தான் அவருடைய உழைப்புக்கு மரியாதை கிடைக்கிறது. கேட்காமல் பணத்தை நீட்டுபவருக்கு நல்லவரும் அரைகுறையும் ஒன்றுதான்.

தெய்வ நம்பிக்கையின் பக்கமிருந்து வரும் மறுப்பை வில்லியம் ஜேம்ஸ் 1896ல் கிளிஃபோர்டுக்கு எதிராகவே வைத்தார். சான்றுக்காகக் காத்திருந்தால் சில உண்மைகளை இழந்துவிடுவோம், சில இடங்களில் முதலில் நம்பத்தான் வேண்டும் என்றார். இறை குறித்தும் நட்பு குறித்தும் அவர் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த உரிமையை ஜேம்ஸ், அறிவால் முடிவுசெய்ய இயலாத கேள்விகளுக்கே கொடுத்தார். பம்பின் மூடியில் உள்ள நாலைந்து திருகாணிகளைக் கழற்றினால் விடை கிடைக்கும் கேள்வியில் தெய்வத்தை இழுப்பது பக்தியாகாது. கிளிஃபோர்டின் முதலாளி செய்ததும் அதுதான்.

விடுமுறை விளையாட்டுக்கு இவ்வளவு தத்துவமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சீர்கெட்ட எஞ்சின் அதை இன்னும் அதிகமாகக் கக்கும். ஓடும் படகின் பின்பலகையைப் பிடித்துத் தொங்கிவந்த இளம்பிள்ளைகள் அதைச் சுவாசித்து இறந்தபின், கலிபோர்னியா 2004ல் அந்த விளையாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. படகு வைத்திருப்பவர்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். நீங்களே செய்தாலும் சரி, செய்வித்தாலும் சரி. கழற்றிய பழைய இம்பெல்லரைக் கையில் வாங்கி இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை யார் கையிலும் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.