குறிப்பறிதலும் அருளுடைமையும்

பிறர் உள்ளத்தில் ஓடுவதை மனிதன் எங்ஙனம் அறிகின்றான் என்னும் வினா மெய்யியலாளர்க்குப் பழையது, உளவியலாளர்க்கோ புதியது. 1978இல் பிரிமாக், வுட்ரஃப் என்னும் இருவர் சிம்பன்சிக் குரங்கிற்கு இவ்வாற்றல் உண்டோ என வினவிய பின்னர் அது சோதனைக்கூடத்தின் பெரும் பொருளாயிற்று. 1983இல் விம்மரும் பேர்னரும் குழந்தைகளுக்கென ஒரு சோதனையை வகுத்தனர். 1985இல் பாரன்-கோகன், லெஸ்லி, ஃபிரித் ஆகிய மூவரும் அதனை எளிமையாக்கி ஓட்டிசக் குழந்தைகள் முன் வைத்தனர்.

அச்சோதனையின் சாரத்தைப் பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் லயத்துக்கு மாற்றிக் கூறலாம். தாய் ஒருத்தி ரொட்டியைத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்கின்றாள். மூத்த மகன் அதனை எடுத்துக் கூடையில் ஒளித்து வைக்கின்றான். திரும்பி வரும் தாய் ரொட்டியை முதலில் எங்கே தேடுவாள்? ஏறத்தாழ நான்கு வயது நிரம்பிய குழந்தை ‘பெட்டியில்’ என்று விடை கூறும். தான் அறிந்தது தாய்க்குத் தெரியாது என்பதை அது உணர்ந்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சோதனையில் பங்குகொண்ட 20 ஓட்டிசக் குழந்தைகளுள் 16 பேர், பொருள் உண்மையில் உள்ள இடத்தையே காட்டினர். அவர்களிலும் குறைந்த மனவயதுடைய டவுண் சின்ட்ரோம் குழந்தைகளிற் பெரும்பாலோர் சரியான விடை கூறினர். எனவே இதனைப் பொதுவான அறிவுக்குறைவு என்று கொள்ளுதல் இயலாது.

எஞ்சிய நால்வரைப் பற்றிச் சிந்தித்தவர்கள் குறைவு. ஆயினும் வளர்ச்சி பற்றிய வினாவுக்கு விடை அந்நால்வரிடமே உள்ளது. ஏனைய குழந்தைகளிற் பாதிப்பேர் நான்கு வயதின் மொழியறிவோடு இச்சோதனையில் தேறுகின்றனர். ஓட்டிசக் குழந்தைகளிற் பாதிப்பேர் தேறுவதற்கு ஏறத்தாழ ஒன்பது வயதுக்குரிய மொழியறிவு தேவைப்படுகின்றது என 1995இல் ஹாப்பே காட்டினார். அதே ஆண்டில் பீற்றர்சன், சீகல் ஆகியோர் அவுஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வில், கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த செவிப்புலனற்ற குழந்தைகளும் இதே சோதனையில் இடறினர். வீட்டில் அவர்களோடு தாராளமாக உரையாடத்தக்க மொழி இல்லாமற் போனதே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. பிறர் மனத்தை அறிதலுக்கும் உரையாடலுக்கும் நெருங்கிய உறவுண்டு என்பது இவற்றாற் போதரும்.

எனவே ஓட்டிசக் குழந்தை பிறர் மனத்தை அறியவே மாட்டாது என்னும் முடிபு தவறானது. அக்குழந்தை அதனை வேறு வழியாகக் கற்கின்றது. ஊவாத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ் தாய்மடியில் வருகின்றது. சிங்களமோ பதுளைக் கடைவீதியிலும் அயற்கிராமத்திலும் முயன்று வருகின்றது. முயன்று கற்ற மொழியிலும் செம்மையாகப் பேசலாம். களைப்பு மட்டும் மிகுதி. 2009இல் செஞ்சு முதலியோர் ஆராய்ந்த ஓட்டிசமுள்ள வளர்ந்தோர், வாய்மொழிச் சோதனையில் எளிதில் தேறினர். ஆயினும் அவர்களது கண்கள் தாமாக முன்னோக்கிச் செல்லவில்லை. எண்ணிக் கூட்டியே அவர்கள் விடைகண்டனர் போலும்.

தமிழ்க் குழந்தைக்கு இக்கல்வி மொழியின் உள்ளேயே தொடங்கிவிடுகின்றது. ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என்று துணிய, கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ‘மழை பெய்யுதாம்’ என்னும்போது அறிந்தவர் வேறொருவர் என்பதை ஈற்று ‘ஆம்’ அறிவித்துவிடுகின்றது. தன்மை முன்னிலைப் பெயர்களைக் கேட்டவாறே திருப்பிக் கூறும் இயல்பை 1943இல் கானர் தம் முதற் கட்டுரையிலேயே குறித்தார். ‘உனக்குச் சோறு வேணுமா?’ என்று குழந்தை தானே கூறுமாயின், பசிக்கின்றது என்பதே அதன் பொருளாகலாம். அதனை விளங்கிக்கொள்ளும் பொறுப்பு யாருடையது?

அறவியல் வினா இங்கேதான் பிறக்கின்றது. மனத்தை அறியாதவன் இரக்கமும் அற்றவன் என உலகம் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றது. வள்ளுவர் அங்ஙனம் செய்யவில்லை. ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் அவர் வகுத்த அதிகாரங்கள் இரண்டு. ஒன்று பொருட்பாலிலும் மற்றையது காமத்துப்பாலிலும் உள்ளன. ‘அருளுடைமை’யோ அறத்துப்பாலில் நிற்கின்றது. மனமறிதல் திறனாகும், அருள் அறமாகும். வஞ்சகன் பிறர் மனத்தை நன்கு அறிந்தவனாயிருத்தல் கூடும். அறியாவிடின் அவன் வஞ்சித்தல் எங்ஙனம்?

பொருட்பாலில் அத்திறன் அரசன் முகத்தை நோக்கி நிற்கும் அமைச்சனுக்குக் கூறப்பட்டமையும் கருதத்தக்கது. எளியவனே வலியவனின் குறிப்பை அறிய வேண்டியவனாகின்றான். தோட்டங்களின் வரலாற்றைக் கற்றோர்க்கு இது புதிதன்று. பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி துரையின் புருவத்தையும் கங்காணியின் குரலையும் கூர்ந்து படித்தான். துரைக்கு அத்தேவை இருக்கவில்லை. துரை அறியாததைக் குறைபாடு என்று எவரும் பெயரிடவுமில்லை. 2012இல் டேமியன் மில்ற்றன் என்பார், தாமும் ஓட்டிசமுடையவர், விளங்காமை இருபுறத்தும் உள்ளது என வாதிட்டார். 2020இல் குரொம்ற்றன் முதலியோர் செய்தியை ஒருவர் மற்றொருவர்க்குக் கூறும் சங்கிலிகளை அமைத்தபோது, ஓட்டிசமுடையோர் தம்முள் மற்றையோர் அளவுக்கே செம்மையாகச் செய்தியைக் கடத்தினர். இருசாராரும் கலந்த சங்கிலிகளிலேயே செய்தி தேய்ந்தது. 2025இல் வெளிவந்த பெரிய ஆய்விலோ கலப்புச் சங்கிலியும் தேயவில்லை. மில்ற்றனின் கருத்து முற்றும் நிறுவப்பட்டதெனக் கூறுதல் மிகையாகும். ஆயின் குறை ஒருபுறத்தேயே உள்ளது என்போர்க்கு இவ்விரண்டு ஆய்வுகளும் உதவா.

இலங்கையில் அரைநகரப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆராய்ந்து, பேராசிரியை ஹேமமாலி பெரேரா முதலியோர் 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தை 2009இல் வெளியிட்டனர். மலைத்தோட்டத்தின் நிலைமை வேறு. அங்கே குழந்தையைப் பகல் முழுதும் காண்பவள் பிள்ளைக் காம்பராவின் பராமரிப்பாளரே. தாய் மலையில் நிற்கின்றாள். விரும்பிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டுகின்றானா என்று மருத்துவர் வினவும்போது, ‘காட்டுறானாம்’ என்றே அவள் விடை கூறுவாள். சிங்களத்திலும் ‘லு’ என்னும் ஈறு இப்பணியைச் செய்யுமாதலின், மொழிபெயர்ப்பவர் விழிப்புடையவராயின் அவ்விடை சிதையாது சென்று சேரும். ஆயின் படிவத்திலோ ஆம், இல்லை என்னும் இரு கட்டங்களே உள்ளன. அங்கே குறிக்கப்படும் ‘ஆம்’ தாய் கூறிய ‘ஆம்’ அன்று.