கிரயமா, வாடகையா?

பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு மந்திரம் இருக்கும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு உரியதாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. நிலம் வாங்க வந்தவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் உடைமை என்றால் என்ன என்பது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. தானே அனுபவிக்கலாம், சும்மா கொடுக்கலாம், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், பிள்ளைக்கும் பேரனுக்கும் விட்டுப்போகலாம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் தமிழில் அதற்கு வேறு பெயர் உண்டு: வாடகை, குத்தகை, ஒத்தி, இரவல்.

கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷனிலும் காசு கட்டி 'வாங்குகிற' வீடியோ கேமுக்கு இவற்றில் எந்தப் பெயர் பொருந்தும்?

யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைவரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றது. ஒரே நிபந்தனை, தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அடுத்த சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்த உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கடையில் டிஸ்க் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவருக்குக்கூட மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் வட்டம்தான். அந்த ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். நாங்கள் விற்றது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. அது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம்.

பெட்டியில் எதையாவது எழுதி வாங்கியவரின் கையைக் கட்டும் முயற்சி புதிதல்ல. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலின் உள்பக்கத்தில், இதை 1 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு தடவை விற்ற பிரதியின் மீது பதிப்பாளருக்குப் பிடிமானம் இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது. பழைய புத்தகக் கடை என்ற ஒன்று உலகில் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்த எண்ணம்தான் வேலை செய்கிறது. எழுத்து எழுதியவருடையது, இந்தப் பிரதி என்னுடையது.

டவுன்லோடு வந்ததும் இந்தத் தெளிவு கலங்கிவிட்டது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் தொடர்பான வழக்கில், இறக்கிய பிரதியையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. அந்தத் தெம்பில் பிரான்சின் யூஎஃப்சி கே ஷ்வாசீர் என்ற நுகர்வோர் சங்கம், கம்ப்யூட்டர் கேம்களை டவுன்லோடாக விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது 2015இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. 2022இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சாதாரண மென்பொருளை அது வழக்கொழியும்வரை ஒருவர் வைத்திருப்பார். வீடியோ கேம் அப்படியல்ல; ஆடி முடித்ததும் சந்தைக்கு வந்துவிடும், பல ஆண்டு கழிந்தும் புதியவர்கள் அதை ஆடுவார்கள்.

இந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய புத்தகத்தில் மை மங்கும், அட்டை கிழியும், யாரோ பென்சிலால் கோடிட்டிருப்பார்கள். அதைத் தேடிக் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும். இந்தத் தொல்லைகள்தான் புதுப் பிரதிக்கு அரணாக இருந்தன. பைட்டுகளுக்கு அழுக்குப் படியாது. சனிக்கிழமை வாங்கி ஞாயிறு இரவு முடித்துவிட்டுத் திங்கள் காலை விற்றால், ஐம்பதாவது கைக்குப் போவதும் புத்தம் புதிது. பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். மூன்று பேர் சேர்ந்து நான்கு வருடம் உழைத்து ஆறு மணி நேரக் கதை ஒன்றைச் செய்திருந்தால், முதல் வாரத்தோடு அவர்கள் வருமானம் நின்றுவிடும். ஆகவே ஐந்து உரிமைகளில் விற்கும் உரிமை ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னால், நியாயமான ஒருவர் சம்மதிக்கக் கூடும். அதற்கேற்ற விலை வேண்டும் என்று மட்டும் கேட்பார். புதிதாக வரும் பெரிய கேம்களில் டிஸ்க்குக்கும் டவுன்லோடுக்கும் பெரும்பாலும் ஒரே விலை என்பது அந்தச் சம்மதத்தைக் கேலி செய்கிறது.

ஆனால் வாதம் அங்கே நிற்பதில்லை. கேம் பழையதாகாத பொருள், அதனால் விற்காதே என்கிறார்கள். பிறகு அதே கேம் பழையதாகிவிட்டது என்று அணைக்கிறார்கள். முதல் வாதத்தில் காலத்தை வெல்லும் கலைப்படைப்பு. இரண்டாவதில் கெட்டுப்போன சரக்கு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்போது, இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. ஒத்திக்கு வீடு பிடித்தவர்கூடக் காலி செய்யும்போது கொடுத்த தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார். இங்கே தொகை கிரயம்போல மொத்தமாகப் போகிறது, இருப்பு வாடகைபோல அடுத்தவர் இஷ்டத்தில் தொங்குகிறது.

எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஸ்டீமில் காசு கொடுப்பவருக்கு அந்த ஒப்பந்தம் சூட்டிய பெயர் 'சந்தாதாரர்'. அந்தப் பெயரைப் பொத்தானில் போடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. பொத்தான் 'வாங்கு' என்கிறது, பத்திரம் 'வாங்கவில்லை' என்கிறது. வியாபாரம் நடப்பது பொத்தானில். 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் இதைத்தான் தொட்டது. விற்றவர் பின்னால் பறிக்க முடிகிற டிஜிட்டல் பொருளுக்கு, வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. ஸ்டீம் முன்கூட்டியே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் பக்கத்தில் உரிமம் என்ற வார்த்தையைச் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் தராசில் கல் குறைகிறது என்று பலகை எழுதி மாட்டிவிட்டால் எடை சரியாகிவிடாது.

வாங்குகிறவர்கள் மீதும் பழி உண்டு. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் புதிய கேம் கருவியின் டிஸ்க்குகளைக் கைமாற்றக் கட்டுப்பாடு வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி, ஒரு டிஸ்க்கை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுப்பதை மட்டும் காட்டும் குறும்படம் எடுத்துக் கிண்டல் செய்தது. கூச்சல் போட்ட அதே தலைமுறைதான், கடைக்குப் போகும் சிரமம் மிச்சம் என்று டவுன்லோடில் எல்லா உரிமையையும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது.

பிள்ளை பேரன் விஷயம் இன்னும் கசப்பானது. கணக்கை உயில் எழுதி மாற்ற முடியாது என்று ஸ்டீமின் வாடிக்கையாளர் பிரிவு 2024இல் ஒருவருக்குப் பதில் சொன்னது. இருபது வருடம் சேர்த்த நூற்றுக்கணக்கான கேம்கள் சேர்த்தவரோடு போய்விட வேண்டும். மறுவிற்பனையைத் தடுக்கச் சொன்ன காரணம் எதுவும் இங்கே செல்லாது. அப்பாவின் கேமை மகள் ஆடினால் எந்தச் சந்தை சரியும்?

சர்வரை என்றென்றும் ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024இல் தொடங்கிய இயக்கம் கேட்பது, மூடும்போது ஓடுகிற நிலையில் விட்டுவிட்டு மூடுங்கள் என்பதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அந்தக் கோரிக்கைக்கு 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. செலவு தாங்காது என்றது ஐரோப்பிய வீடியோ கேம் தொழில்துறைச் சங்கம். பத்து வருடம் முன்பு கட்டிய கேமைத் திருத்துவது கடினம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். நாளைக்குக் கட்டப்போகும் கேமுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வீட்டுக்கு வாசல் வைப்பதை அஸ்திவாரம் போடும்போதே யோசிக்கலாம். தி க்ரூவை அணைத்ததற்கு வந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதன் அடுத்தடுத்த பாகங்கள் இணைப்பில்லாமல் ஓட வழி செய்வோம் என்று யூபிசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஜிஓஜி கடையோ, நிறுவும் கோப்பை இறக்கி வைத்துக்கொள், பிறகு எங்களாலும் அதைப் பறிக்க முடியாது என்று சொல்லித்தான் விற்கிறது.

விற்கும் உரிமையில் பேரம் பேசலாம், அனுபவிக்கும் உரிமையில் பேச முடியாது. நிறுவனம் கைகழுவிய தி க்ரூவை, அதை ஆடியவர்களில் சிலர் சேர்ந்து, சர்வரின் வேலையைச் செய்யும் புரோகிராமைத் தாங்களே எழுதி 2025 செப்டம்பரில் மறுபடி ஓட வைத்தார்கள்.