நிலத்தடி நீரும் கள்ளாமையும்

நீர் மழையின் கொடை. கொடையாக வந்ததற்குக் கட்டணம் கேட்பது அறமாகுமா? நிலத்தடி நீருக்குக் கட்டணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இவ்வினாவும் உடன் வருகின்றது. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தாகமென்று வந்தவரிடம் காசு கேட்பதை நம் மரபு ஏற்றதில்லை. தண்ணீர்ப் பந்தல் வைப்பதை அறமெனக் கொண்டவர்கள் நாம். ஆயினும், தாகம் தீரப் பருகும் நீர் வேறு. இரவும் பகலும் மோட்டார் இறைக்கும் நீர் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது.

தம் நிலத்தின் கீழுள்ள நீர் தமக்கே உரியது என்று நிலமுடையோர் கருதுகின்றனர். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் அதற்கு இடந்தருகின்றது. ஆனால் நிலத்தடி நீர் வரப்பை அறியாது. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றில் ஓயாது இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் தாழ்கின்றது. முதலில் வறள்வது ஆழப்படுத்த வசதியற்ற ஏழையின் கிணறு. சட்டம் இதனைத் திருட்டு என்று கூறாது. அறம் என்ன கூறும்? பிறர் கொடாததைக் கொள்ளாமையே கள்ளாமை. அயலார் கிணற்று நீரையும், இனிப் பிறக்கும் தலைமுறையின் நீரையும் கேளாமல் எடுப்பது அவ்வறத்திற்கு இழுக்கன்றோ?

இவ்வினாவை உழவர்களே எதிர்கொண்ட இடம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் உள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கு அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் மழையே பெறும் அவ்வுயர்ந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் பார்லியும் குதிரைமசாலும் விளைகின்றன. 2002-ஆம் ஆண்டின் கொடிய வறட்சியில் நிலத்தடி நீர் விரைந்து தாழ்ந்தது. கிணறுகள் இறைக்க இறைக்க ரியோ கிராண்டி ஆற்றின் நீரும் குறைந்தது. ஆற்று நீரில் மூத்த உரிமை பெற்றோர் முறையிட்டனர். அரசே கிணறுகளை மூடிவிடுமோ என்ற அச்சமும் சூழ்ந்தது.

அந்நிலையில் உழவர்கள் 2006-ஆம் ஆண்டு தமக்குள் ஒரு நீர் வட்டத்தை அமைத்தனர். இறைக்கும் நீருக்குத் தாமே தம்மீது கட்டணம் விதித்துக்கொண்டனர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர், அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் லிட்டர், கணக்கின் அலகாயிற்று. அவ்வளவுக்கு முதலில் 45 டாலரும், பின்னர் 75 டாலரும் கட்டணமாயின. தம் பங்கு ஆற்று நீரை நிலத்தில் சேர்த்தவர்க்கு அது கணக்கில் கழித்துக் கொடுக்கப்பட்டது. திரண்ட பணம், நிலத்தைத் தரிசாக விட இசைந்த உழவர்க்கும், நீர் இழந்த ஆற்றுப் பாசனத்தார்க்கு ஈடு செய்யவும் பயன்பட்டது. கட்டணத்தால் இறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனினும் 2018-இல் வந்த வறட்சி, அரிதின் மீட்ட நீரில் பெரும்பகுதியைக் கொண்டு போயிற்று.

இதிலிருந்து நாம் கற்பன மூன்று. முதலாவது, கட்டணம் என்பது நீரின் விலையன்று, எடுத்ததற்கு ஈடு. ஆதலின் அப்பணம் எடுத்த இடத்து நீரைக் காக்கவே செல்லுதல் வேண்டும். வேறு செலவுக்குத் திரும்பினால் அது வெறும் வரியாகிவிடும். இரண்டாவது, இறைப்போரே கூடி விதித்துக்கொள்ளும்போது அது நோன்பின் தன்மையைப் பெறுகின்றது. மேலிருந்து சுமத்தப்படுவதை ஏய்க்க நினைக்கும் மனம், தானே ஏற்றதைக் காக்க நினைக்கும். மூன்றாவது, எளியோரின் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும் கட்டணம் கூடாது; மிகுதியாக இறைப்பவரே மிகுதியாகத் தரல் வேண்டும்.

“பணமுள்ளவர் கட்டிவிட்டு மேலும் இறைப்பாரே” என்று சிலர் வினவலாம். அவ்வச்சம் நியாயமானதே. அதனாலன்றோ நம் இல்லறத்தார்க்கு மிகுபொருள் விரும்பாமை தனி விரதமாக வகுக்கப்பட்டது! அளவை முதலில் வரையறுத்தல் வேண்டும்; ஈதல் அதன் பின்னர். அளவின்றி எடுத்துவிட்டுச் சிறிது கொடுத்துத் தூய்மை தேடுவது அறமாகாது.

இம்முறை நம் மண்ணுக்கு அயலானதும் அன்று. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இயங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஏரியால் பயன் பெறுவோர் கூடி உழைத்துக் கரையும் வரத்துக்காலும் காத்த குடிமராமத்தும் இத்தகையதே. ஏரி கண்ணுக்குத் தெரிந்தது; ஆதலின் பொதுப்பொருளென உணர்ந்தோம். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாமையால் தனிப்பொருளென மயங்குகின்றோம். பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசமாகையால், இறைக்கும் அளவை நினைவூட்டும் கணக்கும் நம்மிடம் இல்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம் குடும்பங்கள் பலவும் கிணற்றை நம்பி வாழ்வன. நீரை வடிகட்டிப் பருகும் நாம், அதனை அளந்து இறைக்கவும் பழகுதல் வேண்டும். அரசாணை வரும்வரை காத்திராமல், ஊர்தோறும் கிணறுடையோர் ஒன்றுகூடி, மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற தொகையை ஏரி தூர் வாரவும் மழைநீரை நிலத்தில் சேர்க்கவும் ஒதுக்கலாம். தொகை சிறிதாயினும் ஆகுக. எடுத்ததை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், கொடுப்பது பாரமாகத் தோன்றாது.