ஈகையும் நாணமும்

ஈகை அறமாவது பொருளை ஈந்த மாத்திரத்திலேயோ, ஏற்போன் நெஞ்சு நோவாமல் ஈந்தவிடத்திலேயோ என்னும் வினாவைச் சைவாசிரியர்களாகிய அன்பர்கள் முன் வைக்கின்றோம். இஃது ஏட்டுத் தருக்கமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளையைக் காணாத ஆசிரியர் நம்முள் அரியர்.

உதவுவாரும் பலருளர். கடல்கடந்து வாழும் நம்மவர் புத்தகப்பையும் கொப்பியும் சப்பாத்தும் வாங்கப் பணம் அனுப்புகின்றனர். அவர்தம் அன்பு மெய்யன்பே. ஆயின் நிகழ்வது யாது? காலைப் பிரார்த்தனை முடிந்தவுடன் சில பிள்ளைகளின் பெயர் வாசிக்கப்படும். அவர்கள் எல்லார் முன்னிலையிலும் வரிசையாக நிற்பர். பையின் ஒருபுறத்தைப் பிள்ளையும் மறுபுறத்தைப் பிரமுகரும் பற்றிநிற்கப் படம் எடுக்கப்படும். அன்று மாலையே அது முகநூலிற் சேரும். அவ்வாறு பை பெற்ற சிறுமியொருத்தி, பின்னர் ஒருநாளேனும் அதனைப் பாடசாலைக்குக் கொண்டுவராமையை நாம் கண்டோம். பழைய பையின் அறுந்த வாரை முடிந்துகொண்டே வந்தாள்.

கணக்குக் காட்டப் படம் வேண்டுமே என்பர். கணக்கு வேண்டியதே, மறுக்கிலேம். கடையின் பற்றுச்சீட்டும் அதிபரின் கையொப்பமும் அதற்குப் போதாவோ? பிள்ளையின் முகத்தையே பற்றுச்சீட்டாக்குதல் எந்நீதி?

மாகேசுர பூசையிலே உண்பிப்போன் வணங்குவான், உண்போன் வணங்கப்படுவான். தாமே வறியராயிருந்த இளையான்குடிமாற நாயனார், மழையிரவிலே விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கினார் என்று வகுப்பிலே கற்பிக்கின்றோம். வந்த அடியாரின் வறுமையை அவர் விசாரித்ததாகப் புராணம் கூறவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் அன்னம் பெறுவோரை நீ வறியனோ என்று வினாவுவாரில்லை. எல்லாரும் உண்பதால் ஒருவர்க்கும் நாணமில்லை. (பந்தியில் வேற்றுமை பாராட்டிய பழி நமக்கு இல்லையென்று சொல்ல வாரேம். 1930ஆம் ஆண்டளவிலே பாடசாலைகளிற் சமவாசனம் வந்தபோது நம்மவரிற் பலர் எதிர்த்து நின்றமை மறைக்கத்தக்கதன்று.)

1945இலே இலவசக் கல்வி வந்தது. 1980 முதற் பாடநூல்களும் 1993 முதற் சீருடைத்துணியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டன. சீருடைத்துணி பெற்ற பிள்ளையை இரவலன் என்று எவரேனும் நகைத்ததுண்டோ? இல்லை, அரசாங்க அதிகாரியின் மகனும் கூலியாளின் மகனும் ஒரே துணியைப் பெற்றனர்.

எல்லார்க்கும் கொடுக்கப் பொருள் ஏது, உள்ளதை வறியவர்க்கே கொடுத்தலன்றோ முறை என்பார் கூற்று எளிதிற் தள்ளத்தக்கதன்று. 2023இலே தொடங்கிய அசுவெசும போன்ற பணவுதவியிலே குடும்பங்களைத் தெரிந்தெடாது செய்தல் இயலாது. அவ்விடத்தும் தெரிதல் வேறு, பறைசாற்றுதல் வேறு. பிள்ளை தோழர் கண்முன் உண்பதும் உடுப்பதுமோ இயன்றவரை எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும். ஒரு வகுப்பில் முப்பதின்மர் இருக்கப் பத்துப் பேருக்கே பாணும் பாலும் கொடுத்தல், எஞ்சிய இருபதின்மரையும் பார்வையாளராக்குதலாம். பொருள் குறைவாயின், பத்துப் பேருக்குப் பாலோடு கொடுப்பதினும் முப்பதின்மருக்கும் கஞ்சி வார்த்தல் நன்று என்பது நம் துணிபு.

பெயர்ப்பட்டியல் இன்றியமையாததாயின் அது அதிபரின் அலுமாரியிலே இருக்கட்டும். பொருளைப் பள்ளி விட்ட பின்னர்த் தாய்தந்தையரிடம் சேர்ப்பிக்கலாம். படம் கேட்கும் அன்பர்க்குப் பைகள் அடுக்கிய மேசையின் படத்தை, காரணம் எழுதி அனுப்பலாம். அவ்வாறு அனுப்பியவிடத்து மனங்கோணாது மறுவருடமும் உதவிய அன்பர் சிலரை நாம் அறிவோம்.