சொல்லாமல் விடுவதும் பொய்யாகுமா?

கோயம்புத்தூரிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலை வேலந்தாவளத்தை அடைந்ததும் மாநிலம் மாறிவிடுகிறது; மொழி மாறுவதில்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த அந்த எல்லையூரிலும் அதைச் சுற்றிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டிப் பார்க்கும் ஓர் இளைஞரை நினைத்துப் பார்க்கலாம். பகலெல்லாம் வேலை. கல்லூரிக்குச் செல்ல வசதியில்லை. ஆகவே தொலைதூரக் கல்வியில் சேர எண்ணுகிறார். 1979-ஆம் ஆண்டு முதலே தொலைதூரக் கல்வியை நடத்திவந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை அவர் சிறு வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறார். பணம் கட்டுவதற்கு முன், அதைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்தில் படிக்கிறார்.

1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியாகத் தோன்றியது, 1929-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தது, வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்தது ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. எல்லாம் உண்மை. ஆனால் அவர் அறிய விரும்பியது வேறு: ‘அங்கே பெறும் பட்டம் எல்லைக்கு இப்பால் செல்லுமா?’ அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று கொள்வோம். அந்தக் கட்டுரையை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அவர் உண்மை சொன்னாரா?

இது பதிப்பாசிரியர்களின் தொழில் நுணுக்கம் போலத் தோன்றலாம். உண்மையில் வாய்மை என்னும் அறத்தைப் பற்றிய மிகப் பழைய கேள்வி இது. வள்ளுவர் வாய்மையைத் தீமை பயக்காத சொல்லோடு இணைத்து வைத்தார். அதைக் காட்டியே, ‘ஒரு கல்விக்கூடத்தின் குறைகளைச் சொன்னால் அதற்குத் தீமை, எனவே விட்டுவிடுவதே வாய்மை’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் ஒரு சொல் மறைந்து நிற்கிறது: யாருக்குத் தீமை? நிறுவனத்தின் பெருமைக்கு நேரும் சிறு கீறலும், முன்பின் அறியாத ஒரு மாணவனின் மூன்று ஆண்டுகளும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல.

ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுபவரிடம் பலவகைச் சான்றுகள் வந்து குவிகின்றன. பல்கலைக்கழகமே வெளியிட்ட விழா மலர், ஆண்டறிக்கை, நாளிதழ்ச் செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, விசாரணை அறிக்கை, பழைய மாணவர் ஒருவரின் நினைவுக் குறிப்பு, பதவி இழந்த ஒருவரின் குற்றச்சாட்டு. இவற்றில் எதை நம்புவது?

நியாய தரிசனம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அட்சபாத கௌதமர் அறிவு பெறும் வழிகளுள் ஒன்றாகச் சப்தத்தை, அதாவது ஆப்தரின் சொல்லை ஏற்றார். யார் ஆப்தர்? அவருடைய சூத்திரங்களுக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் தரும் விளக்கத்தின் சாரம் இது: பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்கும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் கூறுகிறார். பதவியும் பிறப்பும் ஒருவரை ஆப்தராக்குவதில்லை. இப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

இந்த இரண்டு நிபந்தனைகளையும் சான்றுகளின் மீது பொருத்திப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. விழா மலருக்கு முதல் தகுதி நிறைய உண்டு. எந்தக் கட்டடம் எப்போது திறக்கப்பட்டது என்பதை அதைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் தன் குறையைச் சொல்லும் விருப்பம் அதற்கு இராது. (ஆன்மிக அமைப்புகளின் விழா மலர்களும் இதற்கு விலக்கல்ல.) நாளிதழுக்கு மறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, ஆனால் அவசரம் உண்டு. நேற்று மாலை நடந்ததை இன்று காலைக்குள் முழுதாக அறிய யாராலும் முடியாது. ஆகவே ஒரே நூல் ஒரு செய்திக்கு ஆப்த வாக்கியமாகவும், அடுத்த செய்திக்கு வெறும் தற்புகழ்ச்சியாகவும் இருக்கக்கூடும். ‘இந்த நூலை நம்பலாமா?’ என்று கேட்பது போதாது. ‘இந்தச் செய்திக்கு இந்த நூலை நம்பலாமா?’ என்று கேட்க வேண்டும். தனக்குப் பாதகமான ஒன்றை ஒரு நிறுவனமே ஒப்புக்கொண்டால், அந்தச் சொல்லுக்கு எடை பன்மடங்கு.

சான்று கிடைத்துவிட்டால் எல்லாச் சர்ச்சையும் இடம்பெறலாமா என்பது அடுத்த சிக்கல். சிதம்பரத்தின் வரலாற்றையே தொடர்ந்து பார்க்கலாம்.

1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு நடந்தது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை அன்று இசையுலகைப் பிளந்தது. சென்னையின் சங்கீத வித்வத் சபையிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. இன்று அதே நிகழ்ச்சியைப் பல்கலைக்கழகத்தின் பெருமைகளுள் ஒன்றாக எழுதுகிறார்கள். 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அன்று நிர்வாகத்துக்கு அது பெரும் சங்கடம். பின்னாளில் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் சிலையே எழுந்தது. சர்ச்சை என்று எண்ணி இவற்றை ஒருவர் அன்றே விட்டிருந்தால், வரலாற்றையே விட்டவராவார்.

1971-இல் நடந்தது இவ்வளவு எளிதன்று. கௌரவ டாக்டர் பட்டம் வழங்கும் விழா ஒன்றையொட்டி மாணவர் எதிர்ப்பும் போலீஸ் தடியடியும் நிகழ்ந்தன. ஒரு மாணவர் இறந்து கிடந்தார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆயினும் அந்த மரணத்தைப் பற்றி எதிரெதிரான கூற்றுகள் அரசியல் மேடைகளில் பல ஆண்டுகள் நீடித்தன. இங்கே களஞ்சியம் எழுதுபவர் நீதிபதியாக அமர முடியாது. அதற்காக மௌனமாகக் கடந்து போகவும் அவருக்கு உரிமை இல்லை. இந்தக் கருத்து வேற்றுமை இருந்தது என்பதே ஓர் உறுதியான செய்தி. யார் என்ன சொன்னார், குழு என்ன கண்டது என்பதைப் பெயரும் தேதியும் சேர்த்து எழுதுவதுதான் அவர் செய்யக்கூடியது. மேடைப் பேச்சையும் விசாரணை அறிக்கையையும் ஒரே எடையில் வைத்து ‘இருதரப்பும்’ என்று முடித்துவிடுவது நடுநிலை போலத் தோன்றும் சோம்பல்.

1996 நவம்பரில் அங்கு முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையின் விளைவாகக் கொல்லப்பட்டார். தமிழகம் அதிர்ந்தது. பகடிவதையைத் தடை செய்யும் தமிழகச் சட்டம் 1997-இல் நிறைவேறியது. ‘ஒரு தனி மனிதனின் குற்றத்தைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் ஏன் சேர்க்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், விடுதிகளில் நடக்கும் ஒவ்வொரு குற்றமும் களஞ்சியத்துக்கு உரியதன்று. ஆனால் இது ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்றியது. இன்று ஒரு கிராமத்துத் தாய் தன் பிள்ளையை அச்சம் குறைந்து விடுதிக்கு அனுப்புகிறாள் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த வழக்கிலேயே இன்னொரு பாடமும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 1998-இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-இல் உச்சநீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. 1999-இல் எழுதியவரும் 2005-இல் எழுதியவரும் 2012-இல் எழுதியவரும் நேர்மையாகவே மூன்று வேறு முடிவுகளை எழுதியிருக்க முடியும். ஆண்டு குறிக்கப்படாத வாக்கியம் எழுதப்பட்ட நாளில் மெய்யாக இருந்து, அச்சில் இருந்தபடியே பொய்யாக மாறிவிடுகிறது.

வேலந்தாவளத்து இளைஞருடைய கேள்வியும் ஆண்டு சார்ந்ததுதான். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே கல்வி மையம் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் வலியுறுத்தியது. அதே ஆண்டில், கடும் நிதி நெருக்கடிக்குப் பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தைத் தமிழக அரசு தனிச் சட்டத்தின் மூலம் ஏற்றது. 2022 மார்ச்சில் மானியக் குழு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே அங்கீகாரம் அளிக்கப்பட்டிருந்தது என்று.

இதை எழுதாமல் விடுவது பணம் கட்டப் போகும் இளைஞருக்குத் தீங்கு. ஆனால் ஆண்டுகளை விட்டுவிட்டு ‘இங்கே தொலைதூரப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை’ என்று ஒரே வரியாக எழுதினால்? 2005-இல் இரவெல்லாம் படித்து முறையாகப் பட்டம் பெற்ற அவருடைய அண்டை வீட்டு அக்காவின் சான்றிதழ் மீதும் மை தெறிக்கிறது. எப்போது முதல் எப்போது வரை, யார் சொன்னது, பல்கலைக்கழகத்தின் மறுமொழி என்ன, பின்னர் நிலை மாறியதா என்ற நான்கையும் தேடிச் சேர்க்க அரை நாள் உழைப்பு வேண்டும். அந்த அரை நாளைச் செலவிடாததுதான் இங்கே அறப் பிழை. எழுதியவருக்கு வன்மம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பிறர் குற்றம் காணாதே என்று பெரியோர்கள் உபதேசித்திருக்கும்போது இது தகுமா என்ற ஐயம் அன்பர்கள் சிலருக்கு எழலாம். அந்த உபதேசம் சாதகனின் மனத்துக்கு உரியது. குற்றத்தில் ஊறும் மனம் கறைபடும் என்பதால் சொல்லப்பட்டது. பாலம் பழுதடைந்துள்ளது என்று பலகை நடுபவர் ஆற்றையும் பழிக்கவில்லை, கொத்தனாரையும் பழிக்கவில்லை. எனினும் பலகை நடுவதிலேயே ஒரு சுவை கண்டு, பாலம் பழுது பார்க்கப்பட்ட பின்னும் அதை எடுக்க மறுப்பவர்களும் உண்டு. நூறாண்டு நெருங்கும் ஒரு கல்விக்கூடத்தைப் பற்றிய நான்கு பக்கக் கட்டுரையில் மூன்று பக்கம் வழக்குகளாக இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருந்தாலும் முழுமை பொய்யாகிவிடும். விருப்பு மறைப்பதைப் போலவே வெறுப்பும் மறைக்கிறது; வெறுப்பு மறைப்பது நல்லவற்றை.

பழைய தமிழ் நூல்களிலேயே இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. அதை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசி வாழ்கிறது. சார்வாகரின் நிலையும் அப்படித்தான். பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியர் எழுதிய சர்வ தர்சன சங்கிரகம் சார்வாக மதத்தை முதல் அத்தியாயமாக வைக்கிறது. அவர்களது கொள்கையைப் பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்கள் எழுதியதிலிருந்தே உலகம் அறிகிறது. எதிராளியின் தரப்பை அவனே ஒப்பும்படி எடுத்துரைக்கும் பூர்வபட்ச மரபு இல்லாதிருந்தால் அந்த அளவும் கிடைத்திராது. தன்னைப் பற்றிய கட்டுரையை எழுத வராத தரப்புக்காகவும் எழுதுபவர் பேச வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தப் பணியின் பாரத்தை முழுதாகச் சுமந்தவர் பெரியசாமித் தூரன். கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த அவரை, வித்யாலயத்தின் நிறுவனரும் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவருமான தி. சு. அவினாசிலிங்கம் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக்கினார். முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்தாவது, இணைப்புத் தொகுதியாக 1968-இல் வந்தது. முதல் தொகுதி அச்சேறியபோது பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் அது கேரளம். நூலகத்தில் அந்தத் தொகுதிகளை எடுப்பவர் எந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பும், முதல் ஏட்டைத் திருப்பி அச்சிட்ட ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.